விலை இறங்கியும் மாதத் தவணை ஏறுவது ஏன்? பிரிட்டனின் டைரக்ட் டெபிட் கணக்கு

2025 ஜூலை 1 அன்று பிரிட்டனில் வீட்டு எரிவாயு, மின்சாரத்துக்கான விலை உச்சவரம்பு சுமார் 7 விழுக்காடு இறங்கியது. சராசரியாகப் பயன்படுத்தும் ஒரு வீட்டின் ஆண்டுச் செலவு 1,849 பவுண்டிலிருந்து 1,720 பவுண்டாகக் குறையும் என்று செய்திகளில் வந்தது. ஆனால் விலை இறங்கும் காலத்திலும் "உங்கள் மாதாந்தர டைரக்ட் டெபிட் தொகை உயர்கிறது" என்று எரிவாயு, மின்சாரம் தரும் நிறுவனத்திடமிருந்து கடிதம் வருவது உண்டு. டைரக்ட் டெபிட் என்பது நம் வங்கிக் கணக்கிலிருந்து நிறுவனமே பணத்தை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. படிப்பவர் மனத்தில் முதலில் தோன்றுவது, ஏமாற்றுகிறார்கள் என்பதுதான். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். பல சமயம் இருக்காது. எது எது என்று பிரித்துப் பார்க்க, அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கே குடியேறுபவர்களுக்கு இது கூடுதலாகக் குழப்பும். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும், ஓடிய யூனிட்டுக்குத் தொகை வரும், கட்டுவோம். பயன்பாடு முதலில், பணம் பிறகு. பிரிட்டனில் பெரும்பாலான வீடுகள் வேறு வழியில் கட்டுகின்றன. ஓர் ஆண்டு முழுக்க எவ்வளவு செலவாகும் என்று நிறுவனம் ஊகித்து, அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் ஒரே தொகையை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஊகம் தப்பினால் தவணையும் தப்பும்.

மூன்று எண்கள், மூன்றும் வேறு

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பேச்சில் எல்லாவற்றையும் "கரண்ட் பில்" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் மூன்று எண்கள் உள்ளன.

1. விலை. ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிலோவாட் மணிக்கு, இத்தனை பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு). அதோடு ஸ்டாண்டிங் சார்ஜ் என்ற அன்றாட நிலைக்கட்டணம். விளக்கே போடாவிட்டாலும் இது ஓடிக்கொண்டிருக்கும்.

2. பில். குறிப்பிட்ட காலத்தில் ஓடிய யூனிட்டை விலையால் பெருக்கி, நிலைக்கட்டணத்தைக் கூட்டினால் வருவது. நீங்கள் உண்மையில் தர வேண்டிய பணம் இதுதான்.

3. தவணை. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் போகும் தொகை. இது பில்லுக்கான முன்பணம் மட்டுமே.

தவணை உயர்ந்தால் செலவு உயர்ந்தது என்று அர்த்தமில்லை. நிறுவனத்திடம் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் கூடுதல் பணம் சேரும், அவ்வளவுதான். அது உங்கள் பணம். அதேபோல் தவணை குறைவாக இருப்பதால் எதுவும் மிச்சமாவதில்லை. பாக்கி பின்னால் வந்து நிற்கும்.

நிலையான விலைத் திட்டத்தில் இருப்பவர்கள் "ஓராண்டுக்கு ஃபிக்ஸ் செய்தேனே, எப்படி உயர்த்தலாம்?" என்று கேட்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அவர்கள் ஃபிக்ஸ் செய்தது முதல் எண்ணை. மூன்றாவதை அல்ல.

உச்சவரம்பு எதைக் கட்டுப்படுத்துகிறது

தெரசா மே பிரதமராக இருந்தபோது 2018இல் சட்டம் இயற்றி, 2019 ஜனவரி 1 முதல் இந்த உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு அதை நிர்ணயிக்கிறது. முதலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறியது. 2022 அக்டோபரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்துக்குத் தனி அமைப்பு, தனி ஏற்பாடு.

2025 ஜூலையில் செய்தித் தலைப்பில் வந்த 1,720 பவுண்டு என்பது யாருடைய பில்லுக்கும் வரம்பு அல்ல. ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் எரிவாயுவும் பயன்படுத்தி டைரக்ட் டெபிட்டில் கட்டும் ஒரு மாதிரி வீட்டுக்கான தொகை அது. ஆஃப்ஜெம் வரம்பிடுவது யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும் மட்டுமே. கூடுதலாக ஓட்டினால் கூடுதலாகக் கட்ட வேண்டியதுதான்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2024 அக்டோபரில் தொடங்கிய காலாண்டின் சராசரி விலைகள் இவை: மின்சாரம் யூனிட்டுக்கு 24.50 பென்ஸ், நிலைக்கட்டணம் நாளுக்கு 60.99 பென்ஸ், எரிவாயு யூனிட்டுக்கு 6.24 பென்ஸ், நிலைக்கட்டணம் நாளுக்கு 31.66 பென்ஸ்.

- மின்சாரம்: 2,700 × 24.50 பென்ஸ் = 661.50 பவுண்டு
- மின் நிலைக்கட்டணம்: 365 × 60.99 பென்ஸ் = சுமார் 222.60 பவுண்டு
- எரிவாயு: 11,500 × 6.24 பென்ஸ் = 717.60 பவுண்டு
- எரிவாயு நிலைக்கட்டணம்: 365 × 31.66 பென்ஸ் = சுமார் 115.60 பவுண்டு

கூட்டினால் 1,717 பவுண்டு. அந்தக் காலாண்டுக்கு ஆஃப்ஜெம் அறிவித்த தொகையும் அதுவே. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 143 பவுண்டு. இதில் நிலைக்கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 338 பவுண்டு, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. சின்ன ஃபிளாட்டில் தனியாக இருப்பவர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் பில் ஓர் அளவுக்குக் கீழே இறங்காததற்குக் காரணம் இது.

கோடையில் இருப்பு, குளிரில் செலவு

பிரிட்டன் வீடுகளில் பெரும்பாலானவை எரிவாயு பாய்லரால் சூடாகின்றன. அதனால் ஜனவரி பில் ஜூலை பில்லைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். குளிர்காலத்தில் குடும்பங்கள் மொத்தமாக அடிவாங்கக்கூடாது என்பதுதான் சமமான மாதத் தவணையின் நோக்கம். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் கணக்கின் இருப்பு ஆண்டு முழுக்க ஏறி இறங்கும் என்பதைப் புரிந்துகொள்ளாமல் இதை வாசிக்க முடியாது.

மேலே சொன்ன 1,717 பவுண்டு வீட்டையே எடுத்துக்கொள்வோம். மாதவாரியாக அதன் செலவு இப்படி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: அக்டோபர் 135, நவம்பர் 190, டிசம்பர் 230, ஜனவரி 240, பிப்ரவரி 210, மார்ச் 185, ஏப்ரல் 130, மே 95, ஜூன் 75, ஜூலை 70, ஆகஸ்ட் 70, செப்டம்பர் 87. தவணை மாதம் 143.

ஏப்ரலில் கணக்குத் தொடங்கியவர் செப்டம்பர் முடிய ஆறு மாதத்தில் 858 பவுண்டு கட்டியிருப்பார். செலவானது 527. கையிருப்பு 331 பவுண்டு. அடுத்த ஆறு மாதக் குளிரில் 1,190 பவுண்டு செலவாகும், கட்டுவது 858. மார்ச் முடியும்போது இருப்பு கரைந்து, கணக்கு ஏறக்குறைய பூச்சியத்தில் நிற்கும்.

இதே வீட்டில், இதே பயன்பாட்டில், அக்டோபரில் கணக்குத் தொடங்கியவரைப் பாருங்கள். மார்ச் முடியும்போது அவருக்கு 332 பவுண்டு பாக்கி! அவர் ஒரு யூனிட்கூட அதிகம் ஓட்டவில்லை. அவரது தவணையும் சரியானதே. கோடை முடிவதற்குள் அந்தப் பாக்கி தானாகவே அடைந்துவிடும். ஆனால் நிறுவனத்தின் கணினி ஏப்ரலில் கணக்கைத் திறந்து, பாக்கியை மட்டும் பார்த்துத் தவணையை ஏற்றிவிட்டால், செப்டம்பரில் அவர் பெயரில் தேவையில்லாத பணம் குவிந்து கிடக்கும்.

எனவே கணக்கில் இருப்பு இருக்கிறதா பாக்கி இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில் பயனில்லை. எந்த மாதத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். தவணை சரியாக இருந்தால், குளிர் தொடங்குமுன் ஏறத்தாழ இரண்டு மாதத் தவணைக்குச் சற்று மேல் இருப்பு இருக்கும். குளிர் முடிந்ததும் பூச்சியத்தை ஒட்டி வரும். முதலாண்டுக் கணக்கு இதற்கு விதிவிலக்கு.

தவணை ஏறுவதற்கான காரணங்கள்

1. விலை ஏறியது. இதில் விளக்க ஒன்றுமில்லை.

2. பழைய பாக்கியும் புதிய செலவும் ஒன்றாகச் சேர்ந்தன. மக்களை அதிகம் திடுக்கிட வைப்பது இதுதான். மாதம் 143 கட்டிவந்த வீட்டில் ஆண்டுச் செலவு உண்மையில் 1,900 பவுண்டு ஆகிவிட்டது என்று வையுங்கள். கட்டியது 1,716; பாக்கி 184. நிறுவனம் அடுத்த ஆண்டுக்குப் போடும் கணக்கு: 1,900 உடன் 184 கூட்டி 2,084, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 174 பவுண்டு. செலவு ஏறியது 11 விழுக்காடு, தவணை ஏறியது கிட்டத்தட்ட 22 விழுக்காடு. கணக்கில் தவறில்லை, ஒரே இடைவெளியை இரண்டு தடவை நிரப்புகிறார்கள்: கடந்த ஆண்டுக்கு ஒருமுறை, வரும் ஆண்டுக்கு ஒருமுறை. கவனிக்க வேண்டியது அதற்கடுத்த ஆண்டு. பாக்கி தீர்ந்ததும் தவணை 158க்கு இறங்க வேண்டும். ஏற்றும்போது வரும் வேகம் இறக்கும்போது பெரும்பாலும் வருவதில்லை. நாமாகக் கேட்டால்தான் நடக்கும்.

விலை இறங்கியும் தவணை ஏறும் புதிருக்கும் இதுவே விடை. செலவு மாதம் 154 ஆக இருந்த காலத்தில் ஒருவர் 125தான் கட்டிவந்தார் என்றால், செலவு 143க்கு இறங்கிய பிறகும் அவர் தவணை போதாது. சேர்ந்த பாக்கி வேறு இருக்கிறது.

3. ரீடிங் உண்மையானது அல்ல. மீட்டரைப் பார்க்காமல் நிறுவனம் ஊகித்துப் போட்ட ரீடிங்கைப் பில்லில் மதிப்பீடு என்று குறித்திருப்பார்கள். ரீடிங்கைத் தானே நிறுவனத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வைத்தவர்கள் இது தங்களுக்கில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தகவல் அனுப்புவதை நிறுத்திவிட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் ஏராளம், அவற்றுக்கும் ஊகம்தான். இன்னொரு கோளாறு அபூர்வம், ஆனால் பெரிது: பழைய எரிவாயு மீட்டர்கள் கன அடியில் அளக்கும், புதியவை கன மீட்டரில். புதிய மீட்டரைப் பழையது என்று தவறாகப் பதிந்துவைத்திருந்தால் எரிவாயுக் கணக்கு சுமார் 2.83 மடங்கு ஊதிவிடும். எவ்வளவு குளிர்ந்தாலும் விளக்க முடியாத பில் வந்தால் மீட்டரின் முகப்பில் எந்த அளவு அச்சிட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

4. முன்பு குடியிருந்தவரின் பழக்கம் உங்கள் தலையில். ஆண்டுப் பயன்பாட்டு மதிப்பீடு மீட்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மனிதரோடு அல்ல. நாள் முழுக்க ஹீட்டர் ஓட்டிய ஐந்துபேர் குடும்பம் போய், காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பும் இருவர் குடிவந்தால், முதல் தவணை அந்த ஐந்துபேரின் கணக்குப்படியே வரலாம். குடிபோகும் அன்று ரீடிங்கைப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவது இதற்கான எளிய தற்காப்பு. மாணவர்கள் இதைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

5. மேலே பார்த்த பருவக் கோளாறு. தவறான மாதத்தில் கணக்கைத் திறந்து பார்ப்பது.

இவற்றில் முதல் இரண்டும் நியாயமான உயர்வுகள். மற்ற மூன்றும் திருத்த வேண்டியவை. கடிதத்தில் ஐந்தும் ஒரே வாசகத்தில்தான் வரும் என்பது இதன் தொல்லை.

2022இல் நடந்தது

கொரோனாவுக்குப் பின் உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததும் இன்னும் எகிறியது. பிரிட்டனில் மின்சாரத்தின் மொத்தச் சந்தை விலையையும் பல நேரங்களில் எரிவாயுவில் ஓடும் மின்நிலையங்களே தீர்மானிப்பதால் இரண்டும் சேர்ந்து ஏறின. 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்த உச்சவரம்பு 2022 ஏப்ரலில் 1,971 ஆனது. ஒரே தாவலில் 54 விழுக்காடு.

அந்த மாதங்களில் தவணை இரட்டிப்பானது, இருப்பு இருந்தும் ஏற்றினார்கள் என்ற புகார்கள் குவிந்தன. சில நிறுவனங்கள் தேவைக்கு மேல் டைரக்ட் டெபிட்டை ஏற்றுவதாகத் தெரிகிறது என்று ஆஃப்ஜெமின் தலைமை நிர்வாகி ஜோனதன் பிரியர்லியே அந்த ஏப்ரலில் எழுதினார். ஜூலையில் ஆய்வு முடிவு வந்தது. மாறும் விலைத் திட்டத்தில் இருந்த சுமார் 70 இலட்சம் வாடிக்கையாளர்களின் தவணை பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே சராசரியாக 62 விழுக்காடு உயர்ந்திருந்தது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இரட்டிப்புக்கும் மேல்.

இந்த எண்களை எப்படி வாசிப்பது? விலை 54 விழுக்காடு ஏறும்போது சராசரித் தவணை 62 விழுக்காடு ஏறியதில் மட்டும் முறைகேட்டைக் காண முடியாது. குளிர்காலப் பாக்கி சேர்ந்தால் அந்த வித்தியாசம் இயல்பாகவே வரும். சந்தேகம் எழ வேண்டிய இடம் அந்த ஐந்து இலட்சம். அதிலும் சிலருக்குப் பாக்கி பெரிதாக இருந்திருக்கலாம். ஆனால் அத்தனை பேருக்கும் இருந்திருக்கும் என்று நம்புவது கடினம். ஆஃப்ஜெமும் அப்படித்தான் பார்த்தது. நூறு விழுக்காட்டுக்கு மேல் ஏற்றிய கணக்குகளை நிறுவனங்கள் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தவணையை நிர்ணயிக்கும் முறையிலேயே சில நிறுவனங்களில் குறைகள் இருப்பதையும் கண்டது.

அக்டோபரில் உச்சவரம்பு 3,549 ஆக வேண்டியிருந்தது. அப்போதைய பிரதமர் லிஸ் ட்ரஸின் அரசு தலையிட்டு மாதிரி வீட்டின் செலவை 2,500 பவுண்டில் நிறுத்தியது. வித்தியாசத்தை அரசு ஏற்றது. அத்துடன் ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண்டு உதவி, அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு தவணையாக: முதலிரண்டு மாதம் 66, பிறகு 67. பல நிறுவனங்கள் இதை டைரக்ட் டெபிட்டிலேயே கழித்துக்கொண்டன. அதனால் 2023 ஏப்ரலில் உதவி நின்றதும் பலருக்கு மாதம் 67 பவுண்டு திடீரென ஏறியதுபோலத் தெரிந்தது. யாரும் எதையும் ஏற்றவில்லை. மறைத்திருந்த திரை விலகியது.

அந்த இருப்புப் பணம் எங்கே இருக்கிறது

இதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. செப்டம்பரில் நம் கணக்கில் இருக்கும் 331 பவுண்டு எந்தப் பெட்டியிலும் தனியாகப் பூட்டி வைக்கப்படுவதில்லை. நிறுவனத்தின் பொதுப் பணத்தோடு கலந்திருக்கும். இலட்சக்கணக்கான வாடிக்கையாளர்களின் இருப்பு சேர்ந்தால் அது வட்டியில்லாக் கடன். சொந்த மூலதனம் குறைவாக இருந்த சில புதிய நிறுவனங்கள் இந்தப் பணத்தை வைத்தே தொழிலை ஓட்டின. தவணையைச் சற்று அதிகமாக வைத்தால் நிறுவனத்துக்கு என்ன இலாபம் என்று கேட்டால், இதுதான் இலாபம்.

2021 கோடைக்குப் பின் மொத்தச் சந்தை விலை எகிறியபோது இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மூழ்கின. அவற்றின் வாடிக்கையாளர்களை ஆஃப்ஜெம் வேறு நிறுவனங்களுக்கு மாற்றியது. அவர்களின் இருப்பும் காப்பாற்றப்பட்டது. ஆனால் அந்தப் பணம் வானத்திலிருந்து வரவில்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஆன செலவு சுமார் 270 கோடி பவுண்டு, வாடிக்கையாளர் ஒருவருக்கு ஏறக்குறைய 94 பவுண்டு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2022இல் கணக்கிட்டது. அது எல்லோருடைய பில்லிலும், பெரும்பாலும் நிலைக்கட்டணத்தில், ஏறியது. பல்ப் என்ற நிறுவனம் இந்தச் செலவுக் கணக்கில் சேரவில்லை. 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருந்ததால் அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாமல் 2021 நவம்பரில் சிறப்பு நிர்வாகத்தில் வைத்தார்கள். பிறகு ஆக்டோபஸ் என்ற இன்னொரு நிறுவனம் எடுத்துக்கொண்டது.

வாடிக்கையாளர் இருப்பைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்கக் கட்டாயப்படுத்தலாமா என்று விவாதம் நடந்தது. எல்லோருக்குமான பொது விதியாக அது வரவில்லை. பதிலாக, 2025 மார்ச் இறுதிக்குள் எரிவாயு, மின்சாரம் இரண்டும் வாங்கும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 115 பவுண்டு என்ற கணக்கில் நிறுவனங்கள் மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற இலக்கை ஆஃப்ஜெம் விதித்தது. நிறுவனத்தைப் பலப்படுத்த இது உதவும். தவணை அதிகமாக வைக்கும் ஆசையை இது நீக்குமா என்றால், என் பார்வையில் நீக்காது.

நிறுவனங்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. வீடுகள் வைத்திருக்கும் பாக்கி 2025இல் மொத்தம் 400 கோடி பவுண்டைத் தாண்டியது. வசூலாகாத பாக்கியின் ஒரு பகுதியும் கடைசியில் உச்சவரம்பில் சேர்ந்து எல்லோரிடமிருந்தும் வசூலாகிறது. தவணையைக் குறைவாக வைத்துப் பாக்கியை வளரவிடுவது யாருக்கும் உதவியல்ல.

விதி என்ன சொல்கிறது

நிறுவனங்களின் உரிம நிபந்தனைகளில் 27ஆவது, மாதத் தவணையைப் பற்றி மூன்று விஷயங்களைச் சொல்கிறது.

1. தொகையை எந்த அடிப்படையில் முடிவு செய்தோம், ஏன் மாற்றினோம் என்பதை எளிய மொழியில் விளக்க வேண்டும்.
2. கிடைக்கக்கூடிய சிறந்த, மிக அண்மைத் தகவலின்படி தொகை இருக்க வேண்டும். நீங்கள் கொடுத்த ரீடிங்கைப் புறக்கணித்துவிட்டுப் பழைய ஊகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது மீறல்.
3. இருப்பைத் திருப்பிக் கேட்டால், வைத்துக்கொள்ள நியாயமான காரணம் இல்லாதவரை, தாமதமின்றித் தர வேண்டும். செப்டம்பரில் முழு இருப்பையும் கேட்டால் குளிர்காலத்துக்கு வேண்டும் என்று மறுக்கலாம். ஏப்ரலில் அந்தக் காரணம் எடுபடாது.

வங்கிகளின் டைரக்ட் டெபிட் உத்தரவாதம் தனி. தொகை மாறும்போது வழக்கமாகப் பத்து வேலைநாள் முன்னறிவிப்பு வர வேண்டும். பிழையாக எடுத்தால் வங்கி உடனே திருப்பித் தரும். ஆனால் வங்கி திருப்பித் தந்துவிட்டது என்பதால் பில் இரத்தாகாது. உண்மையான பாக்கி இருந்தால் அது அப்படியே நிற்கும்.

இன்னொன்று, நிறுவனத்தின் தவறால் பில் போடாமல் விட்டுப்போன பயன்பாட்டுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு முந்தைய பணத்தை அவர்கள் கேட்க முடியாது. பெரிய பழைய பாக்கி ஒன்று திடீரென முளைத்துத் தவணை ஏறியிருந்தால் இதைச் சரிபார்க்க வேண்டும்.

கடிதம் வந்தால் போட வேண்டிய கணக்கு

1. முதலில் மீட்டரைப் பார்த்து இன்றைய ரீடிங்கைக் கொடுங்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தாலும் பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

2. ஒரு முழு ஆண்டுப் பயன்பாட்டை எடுங்கள். பில்லிலோ செயலியிலோ இருக்கும். கோடை மாதங்களை மட்டும் வைத்துப் பெருக்கினால் ஏமாந்துபோவீர்கள்.

3. உங்கள் பில்லில் உள்ள விலைகளால் பெருக்குங்கள். செய்தியில் வரும் சராசரி விலை வேண்டாம்; வட்டாரத்துக்கு வட்டாரம் அது மாறும்.

4. பாக்கி இருந்தால் கூட்டி, குளிருக்குத் தேவைப்படாத இருப்பு இருந்தால் கழித்து, பன்னிரண்டால் வகுங்கள்.

5. கடிதத்தில் உள்ள தொகை இதற்குப் பத்துப் பதினைந்து பவுண்டு அக்கம்பக்கத்தில் இருந்தால் சண்டை போடத் தேவையில்லை. விலகல் பெரிதாக இருந்தால், "ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று வைத்தீர்கள், பாக்கியை எத்தனை மாதத்தில் வசூலிக்கிறீர்கள்?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பாக்கியை ஆறு மாதத்தில் வசூலிக்க முடிவெடுத்திருக்கலாம்; பன்னிரண்டாக்கக் கேட்கலாம். அதற்கும் சிரமம் என்றால் உங்களால் முடிந்த தொகைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்கலாம். அதைப் பரிசீலிக்கும் கடமை அவர்களுக்கு உண்டு.

6. பதில் சரியில்லை என்றால் முறையான புகாராகப் பதியச் சொல்லுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால், இத்தகைய புகார்களை விசாரிக்கும் எனர்ஜி ஆம்பட்ஸ்மன் என்ற நடுநிலை அமைப்பிடம் போகலாம். கட்டணம் இல்லை. அவர்களின் முடிவை நீங்கள் ஏற்றால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

கோபத்தில் இரத்து செய்தால்

வங்கியில் சொல்லி டைரக்ட் டெபிட்டை நிறுத்துவது ஐந்து நிமிட வேலை. 2022இல் "டோன்ட் பே" என்ற இயக்கம், பத்து இலட்சம் பேர் சேர்ந்தால் அக்டோபர் 1 முதல் எல்லோரும் இரத்து செய்வோம் என்று அழைப்பு விடுத்தது. கூட்டுப் போராட்டமாக அதற்கு ஓர் அரசியல் அர்த்தம் இருந்தது. தனி ஆளாகச் செய்தால் விளைவு வேறு.

டைரக்ட் டெபிட் நின்றால் பில் வந்த பிறகு கட்டும் முறைக்குப் போய்விடுவீர்கள்; அதற்கு உச்சவரம்பே அதிகம். மாதிரி வீட்டுக்கு ஆண்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல் வித்தியாசம் வரும். பாக்கி நின்றால் கடன் மதிப்பீட்டில் பதியலாம். அடுத்தது முன்பணம் போட்டு ஓட்டும் ப்ரீபேமென்ட் மீட்டர். ஸ்மார்ட் மீட்டரை ஆள் வராமலே அந்த முறைக்கு மாற்ற முடியும். நலிந்தவர்களின் வீடுகளுக்குள்ளும் புகுந்து இந்த மீட்டரைப் பொருத்தியது 2023 பிப்ரவரியில் அம்பலமாகி, கட்டாயப் பொருத்தல் நிறுத்திவைக்கப்பட்டது. கடும் விதிகளோடு 2024இல் மறுபடி அனுமதித்தார்கள்; 75 வயதைத் தாண்டி, துணைக்கு ஆளில்லாமல் வாழ்பவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு.

ஊகக் கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. மாறும் டைரக்ட் டெபிட் என்று சில நிறுவனங்கள் தருகின்றன. அந்தந்த மாதம் ஓடியதற்கு மட்டும் பணம் எடுப்பார்கள். டைரக்ட் டெபிட் விலையும் பெரும்பாலும் கிடைக்கும். இருப்பும் சேராது, பாக்கியும் சேராது. ஸ்மார்ட் மீட்டர் ஒழுங்காகத் தகவல் அனுப்பினால் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஜூலையில் 70 பவுண்டு போகும் கணக்கிலிருந்து ஜனவரியில் 240 போகும். அதைத் தாங்கும் அளவுக்குச் சேமிப்பு உள்ளவர்களுக்கு இது பொருந்தும். சம்பளம் வந்த கையோடு தீர்ந்துவிடும் வீடுகளுக்கு, ரீடிங்கை மாதாமாதம் கொடுத்துவிட்டுச் சமமான தவணையிலேயே இருப்பது பாதுகாப்பு.